இல்லாத காலில் இருந்த வலி
(மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



பல ஆண்டுகளுக்கு முன், முழங்காலுக்குக் கீழே கால் எடுக்கப்பட்ட ஒரு பெரியவரின் படுக்கையருகே நின்றேன். "ஐயரே, இல்லாத காலின் பெருவிரல் எரிகிறது" என்றார். நான் ஜெபித்துவிட்டு, "பொறுமையாயிருங்கள், மனதை வேறு காரியத்தில் செலுத்துங்கள்" என்று சொல்லி அடுத்த படுக்கைக்குப் போனேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வெட்டுண்ட நரம்பு மூளைக்குத் தொடர்ந்து வலிச் செய்தி அனுப்பக்கூடும் என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன்.

குழந்தை முழங்காலை இடித்துக்கொண்டால் தாய் என்ன செய்கிறாள்? தேய்த்துவிடுகிறாள்; அழுகை அடங்குகிறது. இதற்கான காரணத்தை ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்னும் இருவர் 1965-இல் விளக்கினார்கள். முதுகுத்தண்டில் ஒரு வாசல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தொடுஉணர்ச்சியைக் கொண்டுவரும் பருமனான நரம்பிழைகள் வேலைசெய்யும்போது, வலியைக் கொண்டுவரும் மெல்லிய இழைகளுக்கு அந்த வாசல் ஒடுங்குகிறது என்றார்கள்.

வாலும், வில்லியம் ஸ்வீட் என்ற நரம்பு அறுவை மருத்துவரும் தங்கள் முகத்து நரம்பிலேயே மின்சாரம் செலுத்திப் பார்த்தார்கள். தீராத வலியுள்ள எட்டு நோயாளிகளுக்கும் அவ்விதம் செய்து, 1967-இல் முடிவை வெளியிட்டார்கள். நரம்பு நோயுள்ள நான்கு பேருக்கு, இரண்டே நிமிஷத் தூண்டலுக்குப்பின் அரைமணி நேரத்துக்கும் மேலாக வலி தணிந்திருந்தது.

இன்று மருத்துவர் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பார்த்தபடி, ஊசி வழியாக மெல்லிய கம்பியை நரம்பருகே வைக்கிறார். சிறு கருவியொன்று அதன்வழி மின்துடிப்பு அனுப்புகிறது. நிலையாகப் பொருத்துவதானால், முதலில் சில நாள் சோதித்து, பயன் தெரிந்த பிறகே பொருத்துவது வழக்கம். கால் எடுத்தபின் வரும் வலிக்கும், பக்கவாதத்துக்குப்பின் வரும் தோள்வலிக்கும் இது பயன்பட்டிருக்கிறது. எல்லாருக்கும் பலிப்பதில்லை. கம்பி நகரலாம், கிருமி தொற்றலாம், செலவும் அதிகம்.

அந்தப் பெரியவர் என்னிடம் கருவி எதுவும் கேட்கவில்லை. தம் சொல்லை நம்பவேண்டும் என்றே எதிர்பார்த்தார். அதை நான் கொடுக்கவில்லை. அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

உங்கள் வீட்டில் ஒருவர் "வலிக்கிறது" என்றால், "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லையே" என்று சொல்லுமுன் அருகே உட்காருங்கள். எங்கே, எப்போது, எப்படி வலிக்கிறது என்று கேளுங்கள். பின்பு மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். இப்போது வார்டில் நானும் அப்படித்தான் தொடங்குகிறேன். ஜெபம் அதற்குப் பிறகு.