அவ்வாவின் ஒரே டம்ளர்



தலைவர்களைப் பேசுகிற மேடையில் ஒரு கிழவியைப் பேச வந்திருக்கிறேன். பாட்டிமார் பேச்சும் நம் வரலாறுதான் என்று பாமாவின் 'சங்கதி' 1994இலேயே காட்டியது.

திருப்பூர்ப் பக்கம் அருந்ததியர் வளவு எங்களுடையது. வீட்டில் தெலுங்கு, பாட்டி எங்களுக்கு அவ்வா. தாத்தா கவலைச் சாலுக்குத் தோல் தைத்தவர். கிணற்றுக்குக் கரண்டு மோட்டார் வந்ததும் அந்த வேலை போச்சு. அம்மா பனியன் கம்பெனிக்குக் கைமடிக்கப் போனாள். ஓவர்டைம் முடிந்து அவள் வரும்வரை எங்களுக்கு எல்லாம் அவ்வாதான்.

ஊர் டீக்கடையில் நமக்குத் தனி டம்ளர். அங்கே குடிக்க எங்களை அவள் விட்டதேயில்லை. "நாக்கு வறண்டாலும் வூட்டுக்கு வாங்க கண்ணுகளா" என்பாள். கருப்பட்டிக் காப்பி போட்டு ஒரே பித்தளை டம்ளரில் ஊற்றுவாள். அண்டை வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து, வாய் மாற்றி வாய் மாற்றிக் குடிப்போம். கடைசி வாய் அவளுக்கு. என்ன சிரிப்பு சிரிப்பாள்!

இரட்டை டம்ளர் ஒழிப்பு என்று நாம் துண்டறிக்கை போடுகிறோம். எழுத்தே தெரியாதவள் அதை அன்றைக்கே மறுத்தாள்.

2009இல் கிடைத்த 3 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் கல்லூரிக்கு வந்த தம்பி தங்கைகளே, லீவுக்குப் போனால் உங்கள் அவ்வா பக்கத்தில் உட்காருங்கள். எதையெல்லாம் வேண்டாம் என்றாள் என்று கேளுங்கள். எழுதி வையுங்கள்.