சிக்கு விழாத நூல்பெட்டி

(நமது அறக்கட்டளையின் மகளிர் தையல் மற்றும் ஆரி பயிற்சி வகுப்பு நிறைவு நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வகுப்பு இன்றோடு நிறைவடைகிறது. அளவெடுப்பது, வெட்டுவது, தைப்பது, ஆரி ஊசி பிடிப்பது எல்லாவற்றையும் ஆசிரியைகள் கற்றுக் கொடுத்துவிட்டார்கள். இனி உங்கள் வீட்டுத் திண்ணையும் கூடமும்தான் தொழிற்கூடம். வழியனுப்பும் நேரத்தில் நாம் பேச நினைப்பது ஒரு சின்ன விஷயம்: நூலைப் பத்திரமாக, சிக்கில்லாமல் வைத்துக்கொள்வது எப்படி?

இதற்கு ஒரு பேச்சா என்று சிலருக்குத் தோன்றலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூலைத் தேடுவதற்கும் சிக்கெடுப்பதற்கும் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 25 நாள் வேலை என்றால் 250 நிமிடம், அதாவது நான்கு மணி நேரத்துக்கும் மேல். ஒரு சுடிதாரைத் தைத்து முடிக்கும் நேரம் அது. ரமலான் மாதத்தில் நோன்போடு, சஹருக்கும் இஃப்தாருக்கும் சமைத்துவிட்டு, இடையில் கிடைக்கும் நேரத்தில் பெருநாள் உடுப்புகளைத் தைத்துக் கொடுக்க வேண்டும். அப்போது இந்த நான்கு மணி நேரத்தின் மதிப்பு இன்னும் கூடும். பெருநாளைக்கு முந்தின இரவு உடுப்பு வந்து சேராவிட்டால் அடுத்த வருடம் அந்த வீட்டிலிருந்து துணி வராது. தையலை நம்பித்தான் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் என்றிருக்கும் சகோதரிகள் இங்கே இருக்கிறீர்கள். ஆகவே இது சின்ன விஷயம் இல்லை.

நூல் ஏன் சிக்குகிறது?

நூல் என்பது முறுக்கேற்றிய இழைகள். அந்த முறுக்கு கூடினாலும் குறைந்தாலும் நூல் தன்னைத்தானே சுருட்டிக்கொள்ளப் பார்க்கும். சிக்கின் மூல காரணம் பெரும்பாலும் இதுதான். எனவே நூல் உருளையிலிருந்து எப்படிக் கழன்று வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

உங்கள் கையில் இருக்கும் ரீலை உற்றுப் பாருங்கள். நூல் வளையல் அடுக்கியது போல ஒன்றையொட்டி ஒன்றாகச் சுற்றியிருந்தால் ரீல் சுழன்று, பக்கவாட்டில்தான் நூல் வர வேண்டும். இயந்திரத்தின் மேலே நிற்கும் கம்பியில் அதைச் செருகினால் தானாகச் சுழலும். அந்த ரீலைப் படுக்க வைத்து அதன் தலைப்பக்கமாக நூலை இழுத்தால், கழலும் ஒவ்வொரு சுற்றுக்கும் நூலில் ஒரு முறுக்கு மாறும். கொஞ்ச நேரத்தில் ஊசிக்கு மேலே நூல் சுருண்டு நிற்பதைப் பார்ப்பீர்கள்.

நூல் பெருக்கல் குறி போலக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றியிருந்தால் அது வேறு வகை. பெரிய கோன் நூல்கள் இப்படித்தான் வரும். இவற்றை அசையாமல் நிற்க வைத்து, தலைப்பக்கமாக மேல் நோக்கி நூலை எடுக்க வேண்டும். கோனை இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு சொம்பிலோ அகலமான பாட்டிலிலோ நிறுத்தி, கோனுக்கு நேர் மேலே, அதன் உயரத்தைப் போல் சுமார் இரண்டு மடங்கு உயரத்தில் ஒரு வளையம் அமைத்து, அதன் வழியாக நூலைக் கொண்டுவாருங்கள். கனமான கம்பியை வளைத்தால் அந்த வளையம் கிடைத்துவிடும். காசு செலவில்லை.

ஜரி நூலும், பளபளக்கும் உலோக நூலும் முறுக்கைத் தாங்காதவை. ஒரு தடவை மடிந்தால் அந்த இடத்தில் சுருக்கம் நிற்கும், மேல் பூச்சு உரியும். எனவே அவற்றை எப்போதும் பக்கவாட்டிலேயே, ரீலைச் சுழலவிட்டு எடுங்கள்.

ஆரி வேலை செய்பவர்களுக்கு

ஆரியில் ஊசி துணிக்கு மேலே, நூல் துணிக்குக் கீழே. கீழே இருப்பதைக் கண் பார்க்காது, இடது கைதான் பார்க்கிறது. ரீல் தரையில் உருண்டு ஓடினால் நூல் கால் விரலிலும் ஸ்டாண்டின் காலிலும் சுற்றிக்கொள்ளும். ரீலை ஓர் அகலமான டம்ளருக்குள் படுக்கப் போட்டு, ஃப்ரேமுக்கு நேர் கீழே வையுங்கள். அது டம்ளருக்குள்ளேயே உருண்டு நூல் விடும். பட்டு போல வழுக்கும் நூல் ரீலிலிருந்து தானே நழுவி அடியில் குவியும். பழைய மெல்லிய சாக்ஸிலிருந்து ஓர் அங்குல அகலத்தில் வளையமாக வெட்டி ரீலின் மேல் மாட்டிவிட்டால் நழுவாது.

கை எம்பிராய்டரிக்கு வாங்கும் ஆங்கர் போன்ற பருத்தி நூலில் ஆறு இழைகள் சேர்ந்திருக்கும். இரண்டு இழை வேண்டுமென்றால் இரண்டையும் ஒன்றாகப் பிரிக்காதீர்கள். ஒரு கையால் நூலைப் பிடித்து, ஒரே ஓர் இழையை நேராக மேலே உருவுங்கள். மற்றவை கீழே சுருங்கி நிற்கும், தட்டிவிட்டால் நீண்டுவிடும். பிறகு அடுத்த இழை. உருவிய இழைகளைச் சேர்த்துக் கோர்க்கலாம்.

எவ்வளவு நீளம் வெட்டுவது? ஒரு முழம். முழங்கை முதல் விரல் நுனி வரை, சுமார் 18 அங்குலம். அடிக்கடி ஊசி கோர்க்கச் சோம்பல்பட்டு இரண்டு முழம் எடுத்தால், கடைசிப் பகுதி துணிக்குள் பல முறை போய் வந்து நைந்து, முடிச்சும் விழும். தைக்கும்போது நூல் முறுக்கேறினால் துணியைத் தூக்கி ஊசியைத் தொங்கவிடுங்கள். அது தானாகச் சுழன்று முறுக்கு அவிழும்.

இயந்திரத்தில் கூடு கட்டும் நூல்

தைத்து எடுத்தால் துணியின் அடியில் நூல் குருவிக்கூடு போலத் திரண்டிருக்கும். உடனே எல்லோரும் பாபினைத்தான் கழற்றுவார்கள். பெரும்பாலும் கோளாறு மேல் நூலில் இருக்கும். இழுவைத் தட்டுகளுக்கு இடையில் நூல் சரியாக உட்காராவிட்டால் கீழே கூடு கட்டும். எனவே நூல் கோர்க்கும்போது அழுத்தும் காலை மேலே தூக்கிவிட்டுக் கோருங்கள். அப்போதுதான் அந்தத் தட்டுகள் விலகி நூலுக்கு இடம் கொடுக்கும். தையல் தொடங்கும்போது மேல் நூல், கீழ் நூல் இரண்டையும் நாலு அங்குலம் பின்னால் இழுத்து, முதல் மூன்று நான்கு தையல் வரை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

பாபினில் பழைய நூலின் மேல் புது நூலைச் சுற்றாதீர்கள். விளிம்பு வரை நிரப்பவும் வேண்டாம், முக்கால் பாகத்துக்குச் சற்று மேல் போதும். ஒரு மீட்டர் நீளத் தையலுக்கு மேல் நூலும் கீழ் நூலும் சேர்ந்து சுமார் இரண்டரை மீட்டர் செலவாகும். இந்தக் கணக்கு தெரிந்தால் எவ்வளவு சுற்ற வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். அரைகுறையாக நூல் சுற்றிய பாபின்கள் குவியாது.

வைக்கும் முறை

ஒன்று: வேலை முடிந்ததும் நூல் நுனியை அடக்குங்கள். பல ரீல்களின் விளிம்பில் சின்ன வெட்டு இருக்கும். அது நுனியைச் செருகுவதற்காகத்தான். ரப்பர் பேண்ட் போடாதீர்கள், நம் ஊர் வெயிலில் அது உருகி நூலில் ஒட்டிக்கொள்ளும், கறையும் படியும்.

இரண்டு: ரீலும் அதே நிறப் பாபினும் சேர்ந்தே இருக்கட்டும். ஒரு துண்டு நாடாவை இரண்டின் துளை வழியாகவும் விட்டுக் கட்டிவிட்டால் போதும்.

மூன்று: ஓரடிக்கு ஓரடி பலகையில் ஒன்றரை அங்குல இடைவெளியில் ஆணி அடித்தால் 49 சிறிய ரீல்களை மாட்டலாம். ஆணியைச் சற்று மேல் நோக்கிச் சாய்த்து அடித்தால் ரீல் விழாது. வெயில் நேராகப் படாத சுவரில் மாட்டுங்கள். வெயிலில் நிறம் வெளிறும், நூலின் பலமும் போகும். பழைய ரீலை எடுத்தால் ஒரு முழம் இழுத்து, இரு கையாலும் சுண்டிப் பாருங்கள். எளிதில் அறுந்தால் அதை இழை ஓட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரின் துணியில் அது ஏறக் கூடாது.

நான்கு: எம்பிராய்டரி நூலை அட்டையில் சுற்றி வைக்கலாம். வீட்டில் சேர்ந்திருக்கும் நிக்காஹ் பத்திரிகைகள் இதற்கு மிகவும் ஏற்றவை. அல்லாஹ்வின் பெயரும் வசனமும் இல்லாத வெற்றுப் பக்கத்தை மட்டும் பார்த்து வெட்டுங்கள். இரண்டு அங்குலத் துண்டாக வெட்டி, இரு ஓரத்திலும் சிறு பிளவு போட்டு, நூலின் நிற எண்ணை அதில் எழுதிவிடுங்கள். நூல் தீர்ந்த பிறகு கண்ணளவில் நிறம் பார்த்து வாங்கினால் பகலில் பொருந்தியது போல இருந்து, மண்டப வெளிச்சத்தில் வேறாகத் தெரியும். எண் இருந்தால் அந்தத் தொல்லை குறையும். ஒரே எண்ணிலும் சாயம் போட்ட தடவைக்குத் தடவை சிறு வித்தியாசம் வரலாம். பெரிய வேலைக்கு வேண்டிய நூலை ஒரே தடவையில் வாங்குங்கள்.

ஐந்து: ஜரியை மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி, இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். ஈரக் காற்று, வியர்வை, அத்தர் மூன்றும் அதைக் கறுக்க வைக்கும். அத்தர் தொட்ட கையைக் கழுவித் துடைத்த பின்பே ஜரியைத் தொடுங்கள்.

சிக்கு விழுந்துவிட்டால்

இழுக்காதீர்கள். இழுத்தால் தளர்வான சிக்கு முடிச்சாக இறுகும். வெளிச்சமான இடத்தில், நூலின் நிறத்துக்கு மாறான நிறத் துணியை விரித்து, அதன் மேல் சிக்கை வையுங்கள். நுனியைத் தேடுவதற்கு முன் கட்டியை எல்லாப் பக்கமும் மெதுவாகத் தளர்த்தி அகலப்படுத்துங்கள். பாதிச் சிக்கு அதிலேயே விட்டுவிடும். முடிச்சுக்குள் ஊசியின் கூர்முனையை விடாமல் காதுப் பக்கத்தை விடுங்கள், இழை பிளக்காது. விடுபட்ட நூலை அப்போதைக்கு அப்போதே அட்டையில் சுற்றிக்கொண்டே வாருங்கள். பத்து நிமிடத்தில் அவிழாத சாதாரண நூலை வெட்டிவிடுங்கள். உங்கள் நேரம் அந்த நூலைவிட விலை கூடியது.

ஆனால் நூல் உங்களுடையதாக இருந்தால்தான் அப்படி. வேலை கொடுப்பவர்கள் துணியோடு நூலும் ஜரியும் பாசியும் சேர்த்தே தருவதுண்டு. அது உங்கள் கையில் இருக்கும் அமானிதம். ஒவ்வொருவர் பொருளுக்கும் தனிப் பை, பையின் மேல் பெயரும் வாங்கிய ரீல்களின் எண்ணிக்கையும். வேலை முடிந்ததும் மீதியைத் துணியோடு திருப்பிக் கொடுங்கள். கணக்கு எழுத்தில் இருந்தால், நூல் குறைந்ததாகச் சொல்லிக் கூலியில் பிடிக்க வரும்போது நீங்கள் தைரியமாகப் பேச முடியும். ஒழுங்கான நூல்பெட்டி நாணயத்துக்குச் சாட்சி. நாளைக்கு விலை உயர்ந்த பட்டையும் நம்பி உங்களிடம் கொடுப்பார்கள்.

பிள்ளைகள் இருக்கும் வீடு

கடைசியாக ஒன்று. மிகவும் முக்கியமானது. தரையில் கிடக்கும் அறுந்த நூல் கைக்குழந்தையின் கால் விரலிலோ கை விரலிலோ சுற்றி இறுகிவிடலாம். இறுகிய இடத்துக்கு மேல் இரத்த ஓட்டம் நின்று விரல் சிவந்து வீங்கும். மெல்லிய நூல் வீக்கத்துக்குள் புதைந்து கண்ணுக்கே தெரியாது. காரணமில்லாமல் குழந்தை விடாமல் அழுதால் விரல்களைப் பிரித்துப் பாருங்கள். நூல் இறுகியிருந்து உடனே எடுக்க முடியாவிட்டால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். குழந்தை நூலை விழுங்குவதும் ஆபத்து, அதில் ஊசி கோர்த்திருந்தால் கேட்கவே வேண்டாம். எனவே இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு சின்ன டப்பா வையுங்கள். வெட்டிய ஒவ்வொரு நூலும் தரைக்குப் போகாமல் அதற்குள் போகட்டும். எழுந்திருக்கும்போது ஊசிகளை எண்ணிவிட்டு எழுந்திருங்கள். இயந்திரத்தின் சக்கரத்திலும் அச்சிலும் சுற்றிய நூலை வாரம் ஒரு முறை எடுத்துவிடுங்கள். மோட்டார் வைத்தவர்கள் பிளக்கைக் கழற்றிய பிறகே கை வைக்க வேண்டும்.

சகோதரிகளே, இவ்வளவையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. முதலில் இருக்கும் நூலையெல்லாம் ஒரு பாயில் கொட்டி, நிறம் பிரித்து, நுனி அடக்கி வையுங்கள். பெரிய பிள்ளைகளையும் கூட அமர்த்திக்கொண்டால் அவர்களுக்கும் ஒரு பழக்கம் வரும். அதன் பிறகு நாள்தோறும் இயந்திரத்தை மூடும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். பலகையும் ஆணியும் வாங்க வசதியில்லாதவர்கள் அலுவலகத்தில் சொல்லுங்கள், வகுப்பில் மீந்த பலகைகள் இருக்கின்றன, அடித்தே தருகிறோம். நூலில் சந்தேகம் வந்தால் ஆசிரியைகளிடம் எப்போதும் வந்து கேட்கலாம்.

உங்கள் உழைப்பிலும் நேரத்திலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.