போவதா? இருப்பதா?

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



நம் கோவில்பட்டி வட்டாரம் வானம் பார்த்த கரிசல் பூமி. பருவமழை பொய்த்தால் பருத்தியும் இல்லை. கம்பும் சோளமும் இல்லை. உளுந்தும் பாசிப்பயறும் இல்லை. தீப்பெட்டித் தொழிலும் கடலைமிட்டாய்த் தொழிலும் பல குடும்பங்களைத் தாங்கி நின்றாலும், வளைகுடாவுக்கோ சென்னைக்கோ திருப்பூருக்கோ போவதா, ஊரிலேயே இருப்பதா என்ற கேள்வி எழாத வீடு அரிது. ஒருவர் எடுக்கும் இந்த முடிவு அவருடைய வாழ்வை மட்டுமன்றி, பெற்றோர், மனைவி, மக்கள் அனைவரின் வாழ்வையும் மாற்றி அமைத்து விடுகிறது.

ஒரே இரவு, இரு கடமைகள்

கி.பி. 622ஆம் ஆண்டு நபி (ஸல்) அவர்கள் மக்காவை விட்டுப் புறப்பட்டார்கள். அந்த ஊரின் மீது அவர்களுக்கு வெறுப்பு இல்லை. தம்மை வெளியேற்றியிராவிட்டால் அதை விட்டுப் போயிருக்கவே மாட்டேன் என்று வருந்தும் அளவுக்கு அதை நேசித்தார்கள். அதே இரவில் அலீ (ரழி) அவர்களோ மக்காவிலேயே தங்கினார்கள். மக்கள் நபியவர்களிடம் ஒப்படைத்திருந்த அமானிதப் பொருள்களை உரியவர்களிடம் சேர்க்கும் பொறுப்பு அவர்களுக்கு இருந்தது.

சிந்தித்துப் பாருங்கள்! புறப்பட்டதும் இபாதத், தங்கியதும் இபாதத். உயிருக்கே ஆபத்தான அந்த வேளையிலும் பிறருடைய உரிமை மறக்கப்படவில்லை. நம் முடிவுகளுக்கு இதைவிடச் சிறந்த உரைகல் எது?

கரிசல் மண்ணின் இரு நண்பர்கள்

கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவல் கிராமத்தை நீங்கள் அறிவீர்கள். அவ்வூரில் ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்த நண்பர்கள் இருவர், எழுத்தாளர்கள் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும். முன்னவர் இளமையிலேயே சென்னைக்குச் சென்றார்; 1950களில் மலாயாவில் தமிழ் நேசன் நாளிதழில் பணிபுரிந்தார்; 1970இல், 46 வயதிலேயே காலமானார். சென்ற இடமெல்லாம் தம் ஊர் மக்களின் வாழ்வையே எழுதினார். பின்னவர் ஊரிலேயே தங்கி விவசாயம் பார்த்தார். பள்ளிப் படிப்பை முடிக்காத அவர், அக்கம்பக்கத்தார் பேசிய சொற்களைச் சேகரித்துக் கரிசல் வட்டார வழக்குக்கு அகராதியே தந்தார். 1989இல், முதிய வயதில், புதுவைப் பல்கலைக்கழகத்தின் அழைப்பை ஏற்று ஊரை விட்டுச் சென்றார். 2021இல் புதுவையில் அவர் மறைந்தபோது, அவருடைய உடல் இடைசெவலுக்கே கொண்டுவரப்பட்டது.

போனவர் ஊரை மறக்கவில்லை. இருந்தவர் சோம்பிக் கிடக்கவில்லை. இருவருக்கும் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. போனதாலோ இருந்ததாலோ மட்டும் வந்த சிறப்பன்று இது. போன இடத்திலும் இருந்த இடத்திலும் அவர்கள் உழைத்த உழைப்பால் வந்தது.

அருகிலுள்ள சிவகாசியைப் பாருங்கள். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றார்கள். கற்றதோடு ஊர் திரும்பினார்கள். அந்தப் பயணத்திற்கு ஒரு நோக்கமும் இருந்தது. ஓர் எல்லையும் இருந்தது.

வீட்டில் இருப்போரின் ஹக்

சகோதரர்களே! ஹிஜ்ரத்தின் கூலியே நிய்யத்தைப் பொறுத்ததுதான் என நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். குடும்பத்தின் பசி தீர்க்க, கடன் அடைக்க, பிள்ளைகளைப் படிக்க வைக்கச் செல்வது நல்ல நிய்யத். அடுத்த வீட்டின் மாடியைப் பார்த்து ஏங்கி, மனைவியின் நகையை அடகு வைத்து, ஏஜெண்டிடம் கடன்பட்டுச் செல்வது எந்த நிய்யத்?

அறப்போருக்கு அனுமதி கேட்டு வந்த ஒருவரிடம், பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா என நபியவர்கள் வினவினார்கள். ஆம் என்றதும், அவர்களுக்குப் பணிவிடை செய்வதிலேயே பாடுபடுமாறு திருப்பி அனுப்பினார்கள். போருக்குச் சென்ற கணவனை எண்ணி ஒரு பெண் இரவில் புலம்பியதை உமர் (ரழி) அவர்கள் கேட்டார்கள். உடனே தம் மகளார் ஹஃப்ஸா (ரழி) அவர்களிடம் விசாரித்து, படைவீரர்கள் மனைவியரைப் பிரிந்திருக்கும் காலத்திற்கு வரம்பு விதித்தார்கள். அது நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உள்ளன. நம்மில் சிலர் இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு என்று தள்ளிப் போடுகிறோமே! மாதாமாதம் பணம் அனுப்பிவிட்டால் அந்த ஹக் நிறைவேறிவிடுமா?

ஊரில் இருப்போரும் கவனியுங்கள். அல்லாஹ்வின் பூமி விசாலமானது என்பது குர்ஆனின் போதனை (4:97). உழைக்க அஞ்சி, "எனக்கு விதித்தது இவ்வளவுதான்" என்று திண்ணையில் அமர்வது தவக்குல் ஆகாது. பெற்றோருக்காக இருக்கிறேன் என்பவர், அப்பெற்றோருக்கு உண்மையிலேயே உதவியாக இருக்கட்டும்.

ஆகவே, முடிவெடுக்கும் முன் மனைவியோடும் பெற்றோரோடும் மஷ்வரா செய்யுங்கள், இஸ்திகாரா தொழுங்கள். எதற்காகப் போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டாரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்களே! திரும்பி வரத் துடிக்கும் மகனை, "இன்னும் ஓர் ஆண்டு" என்று நிறுத்தி வைக்காதீர்கள்.

போனாலும் இருந்தாலும் பிறர் ஹக்கைப் பேணி வாழும் நற்பேற்றை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.