பெயர் வரிசையும் பதிலுரைப் பாடலும்



செப்டம்பர் 8ஆம் நாள் மரியன்னையின் பிறப்பு விழா. ஆகஸ்டு 29இல் கொடியேற்றத்துடன் தொடங்கும் வேளாங்கண்ணித் திருவிழா நிறைவுறுவதும் அன்றுதான். அவ்விழாத் திருப்பலிக்கு வாசகங்களையும் பாடல்களையும் அமைப்போர் முதலில் எதிர்கொள்வது ஒரு வெறுமையை. அன்னையின் பிறப்பைப் பற்றி விவிலியத்தில் ஒரு சொல்லும் இல்லை. சுவக்கீன், அன்னா என்னும் பெற்றோர் பெயர்கள்கூட விவிலியத்தில் சேராத பழைய நூலின் வழி வந்தவையே.

அவ்வெறுமையைத் திருச்சபை நிரப்புவது ஒரு பெயர் வரிசையால்! மத்தேயு முதல் அதிகாரத்தின் தலைமுறை அட்டவணையே அன்றைய நற்செய்தி. 18 முதல் 23 வரையுள்ள வசனங்களை மட்டும் வாசிக்கவும் இசைவு உண்டு. பாடல்களுக்கு நேரம் வேண்டிக் குறுகிய வடிவை நாடத் தோன்றும். ஆயின் இழப்புப் பெரிது. ஆடவர் பெயர்களினூடே தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி என நால்வர் வருகின்றனர். ஊர் புறம்பேசக்கூடிய வாழ்வினர். வேற்றினத்தாரும் அவருள் உண்டு. தந்தை, மகன் என நீளும் சங்கிலி யோசேப்பிடம் வந்ததும் அறுகிறது. அவர் மரியாவின் கணவர் மட்டுமே. இயேசு பிறப்பது மரியாவிடம். அந்த முறிவே அன்னையின் விழாவிற்குரிய செய்தி. முன்னுள்ள பெயர்களைக் கேளாதவருக்கு முறிவு எங்ஙனம் புலப்படும்? கலிங்கத்துப்பரணியின் இராச பாரம்பரியத்தில் தோய்ந்த செவிக்கு இவ்வரிசை அயலானதும் அன்று.

முதல் வாசகம் மீக்காவிலிருந்தோ உரோமையர் திருமுகத்திலிருந்தோ அமையலாம். தாவீதின் ஊராகிய பெத்லகேமைப் பேசும் மீக்காவே இந்நற்செய்திக்கு இயைந்தது.

இனி, இசை. பதிலுரைப் பாடலாக அமைவது திருப்பாடல் 13இன் இறுதி வரிகள் மட்டுமே. மிகச் சிறிது என்று எண்ணி, பாடகர் குழு மக்கள் விரும்பும் மாதா பாடலொன்றை அவ்விடத்தில் வைத்துவிடுதல் முறையன்று. பதிலுரைப் பாடலும் இறைவார்த்தையே. மாதா பாடலுக்கு வருகையிலோ திருவிருந்திலோ இடமுண்டு. ஆண்டவர் மறந்துவிட்டாரோ என்னும் புலம்பலில் தொடங்கிய திருப்பாடல் அது. அதன் முடிவிலுள்ள மகிழ்ச்சிக்குத் துள்ளல் மெட்டு பொருந்தாது. விவிலியச் சொல்லை மெட்டிற்காக மாற்றவும் இயலாது. மெட்டே சொல்லுக்கு வளைய வேண்டும். குறிலை நீட்டினால் மலை மாலையாகிவிடும்! பல்லவி ஒரு மூச்சில் அடங்கினால், முதன்முறை கேட்பவரும் சேர்ந்து பாடுவர்.

பதினான்கு பதினான்கு தலைமுறை எனக் கணக்குரைக்கும் 17ஆம் வசனம் அன்றைய வாசகத்தில் இல்லை. எனவே தாவீதின் பெயரிலும் பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்ட இடத்திலும் அருள்பணியாளர் சற்று நிறுத்த வேண்டும். செருபாபேல், எலியாக்கிம் போன்ற பெயர்களை முந்தின இரவே ஒருமுறை வாய்விட்டுப் படித்துக்கொள்வதும் நலம்.