தை பிறந்தால் ஆறு திறக்கும்



நமது ஊர்க் கடைகளிலே "ஒரு சமன் தாருங்கள்" என்று கேட்டால், கடைக்காரர் தகரத்தில் அடைத்த மீனை எடுத்துத் தருவார். அத்தகரத்தினுள்ளே இருப்பது பெரும்பாலும் கானாங்கெளுத்தி வகையைச் சேர்ந்த மீனேயன்றிச் சமன் அன்று. பெயர் மட்டும் நெடுந்தூரம் பயணஞ்செய்து நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டது. பெயருக்குரிய மீன் வரவில்லை. அந்த மீனையும், அது பிறந்து மீளும் ஓர் ஆற்றையும், ஆண்டுதோறும் தை மாதத்துக் கடுங்குளிரில் அவ்வாற்றிலே இறங்கி நின்று தூண்டிலிடும் மக்களையும் பற்றி இன்று உங்களுடன் சிறிது நேரம் பேச விரும்புகின்றேன்.

ஸ்கொட்லாந்து தேசத்தின் மிக நீண்ட ஆறு ரே என்பது. அதன் நீளம் ஏறக்குறைய 120 மைல். நமது மகாவலி கங்கையிலும் பார்க்க அது குறுகியதே. ஆயினும், பிரித்தானியாவின் ஆறுகளுள் மிகுந்த நீரைக் கடலுக்குக் கொண்டுசெல்வது அதுவேயாகும். மேற்கு மலைகளிலே தோன்றி, ரே ஏரியை நிரப்பி, கென்மோர் என்னுஞ் சிற்றூரருகே ஏரியினின்றும் வெளிப்பட்டு, டன்கெல்ட், பேர்த் ஆகிய ஊர்களைக் கடந்து, டண்டீ நகரின் பக்கத்தே வட கடலிற் கலக்கின்றது. பேர்த் நகரம் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1921 ஆம் ஆண்டிலே கொழும்பு நகருக்கு அமைப்புத் திட்டம் வகுத்துத் தந்த பற்றிக் கெடிஸ் என்னும் அறிஞர் இளமையில் வளர்ந்தது அந்நகரிலேதான். அவரைப்பற்றிப் பின்னர் ஒரு சொல் சொல்லவேண்டியிருக்கின்றது.

ஒக்ரோபர் மாதம் 15 ஆந் திகதியுடன் ரே ஆற்றிலே சமன் பிடிக்குங் காலம் முடிவடைந்துவிடும். அதன்பின் மூன்று மாதங்கள் தூண்டிலுக்கு ஓய்வு. மீண்டும் சனவரி 15 ஆந் திகதி ஆறு திறக்கப்படும். அதாவது, நாம் முற்றத்திலே கோலமிட்டுப் பொங்கற்பானை வைக்கும் அதே நாட்களில். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பர் நம்மவர்; ரே ஆற்றங்கரை மக்களுக்கோ தை பிறந்தால் ஆறு திறக்கும். அன்று காலை கென்மோரிலே மக்கள் கூடுவர். தோற்பை கொண்ட குழலை இசைப்போர் முன்னே செல்ல, தூண்டிற்காரர் ஊர்வலமாக ஆற்றங்கரையை அடைவர். படகொன்றின் முகப்பிலே சிறிது விஸ்கி வார்த்து, ஆற்றையும் படகையும் வாழ்த்தி, அதன்பின்னரே முதல் தூண்டிலை வீசுவர். ஞாயிற்றுக்கிழமைகளிற் சமன் பிடித்தல் அந்நாட்டுச் சட்டத்துக்கு மாறானது. ஆகையால், அத்திகதி ஞாயிறாக அமையின், விழா திங்களுக்குத் தள்ளிப்போகும்.

அந்நாட்டிலே சிறிது காலந் தங்கியிருந்தபோது, இவ்வாறு ஆறு திறந்த சில நாட்களின் பின்னர், டன்கெல்டுக்குக் கீழே கரையோரமாக நடந்துசென்றேன். அக்காலத்தில் அங்கே காலை எட்டரை மணிக்குப் பின்னரே சூரியன் உதிக்கும். மாலை நான்கு மணியளவில் மறைந்துவிடும். கரையிலே உறைபனி. ஆற்றினுள்ளே இடுப்பளவு நீரில் ஒரு முதியவர் நின்றுகொண்டிருந்தார். மார்புவரை எட்டும் நீர்புகாக் காற்சட்டை அணிந்து, பதினைந்து அடி நீளமான கோலொன்றை இரு கைகளாலும் பற்றி, நூலைச் சுழற்றி எதிர்க்கரைப் பக்கமாக வீசினார். நூல் நீரோட்டத்துடன் வளைந்து தம் பக்கம் வரும்வரை காத்திருந்தார். பின்னர் இரண்டு அடி கீழே நகர்ந்து மீண்டும் வீசினார். இடையிடையே கோலின் வளையங்களில் உறைந்த பனியை விரலால் உடைத்துவிட்டார். நண்பகல் வரை ஒரு மீனும் சிக்கவில்லை.

குளிர்காலத்து மீன்பிடிக்குத் தனியான முறை உண்டு. நீர் மிகக் குளிர்ந்திருக்கையில் சமன் விரைந்து நீந்தாது. தடைகளைத் தாண்டிக் குதிக்காது. ஓட்டங் குறைந்த ஆழமான மடுக்களின் அடியிலே ஒதுங்கிக் கிடக்கும். ஆகவே, நீரினுள் அமிழும் நூலைக் கட்டி, பாரமான பெரிய போலி இரையை மீனின் மூக்கருகே மெதுவாகக் கொண்டுசெல்ல வேண்டும். அவ்விரைக்கு அவர்கள் வழங்கும் பெயர் 'ஈ' என்பது. பறவை இறகும் விலங்கின் மயிரும் வண்ண நூலுங் கொண்டு கட்டப்பட்ட அது எந்த ஈயையும் ஒத்திராது. அதைவிட விந்தை யாதெனில், ஆற்றுக்குள் வந்த சமன் எதனையும் உண்பதேயில்லை. பசியில்லாத மீனுக்கு இரை காட்டி நிற்பதே இத்தொழில்! பசியில்லா மீன் ஏன் கௌவுகின்றது? சினத்தினால் என்பாரும், கடலிலே இரை தேடிய பழக்கத்தினால் என்பாரும் உளர்.

இந்த மீனின் வரலாற்றை அறிந்தாலன்றி அம்முதியவரின் பொறுமை நமக்கு விளங்காது. கார்த்திகை, மார்கழி மாதங்களிலே பெண் சமன், மலையடிவாரத்துச் சிற்றோடைகளின் பரற்கற்களை வாலால் விலக்கிக் குழிசெய்து முட்டையிடும். வசந்தத்திலே குஞ்சுகள் வெளிப்படும். இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் ஆற்றிலே வளர்ந்து, விரல் நீளமும் வெள்ளி நிறமும் பெற்று, சித்திரை, வைகாசியளவிற் கடலை நோக்கிப் புறப்படும். பரோத் தீவுகளையும் கிறீன்லாந்தின் மேற்குக் கடலையும் சென்றடைந்து, அங்கே கொழுத்து வளரும். ஓராண்டோ, இரண்டு, மூன்று ஆண்டுகளோ கழிந்தபின், ஆயிரக்கணக்கான மைல் கடந்து, தான் பிறந்த அதே ஆற்றை நீரின் மணத்தால் அறிந்து மீளும். மரத்தின் வயதை வளையங்களால் அறிவதுபோல, அதன் செதில்களிலுள்ள வரைகளைக் கொண்டு ஆற்றிலும் கடலிலும் அது கழித்த ஆண்டுகளைக் கணக்கிடுவர் அறிஞர்.

மீண்டுவரும் மீன்களுள் மிக முன்னதாக வருபவை குளிர்கால, வசந்தகால மீன்கள். சனவரியிலோ பெப்ரவரியிலோ ஆற்றினுட் புகும் சமன், முட்டையிடுவது அடுத்த கார்த்திகையிலேதான். ஏறக்குறைய பத்து மாதங்கள் உணவின்றி, கடலிலே சேர்த்த கொழுப்பைக் கொண்டே உயிர்வாழ்ந்து, ஆற்றின் உச்சிவரை ஏறிச் செல்லும். வழியிலே ரே ஆற்றின் கிளையாகிய ரம்மல் ஆற்றுக்குக் குறுக்கே, பிற்லொக்ரி என்னும் ஊரில், மின்சாரத்துக்காகக் கட்டிய அணையொன்று உண்டு. அதனருகே மீன் ஏறுவதற்கென 34 தொட்டிகளைப் படிபோல அமைத்திருக்கின்றார்கள்.

முதியவரிடம் கையிலிருந்த தேநீர்க் குடுவை தீரும்வரை பேசிக்கொண்டிருந்தேன். பிற்பகலில் அவரது நூல் இறுகியது. மீனைக் கரையோரம் கொணர்ந்தார். அது நீண்டு மெலிந்து, வயிறு ஒட்டிக் கிடந்தது. முன்னைய கார்த்திகையில் முட்டையிட்டு, களைத்துக் கடலுக்குத் திரும்பிக்கொண்டிருந்த மீன் அது. அத்தகைய மீனை எக்காலத்திலும் வைத்துக்கொள்ளலாகாது. புதிதாகக் கடலிலிருந்து வந்த மீனோ, காசு போல ஒளிரும். அதன் உடலிலே கடற்பேன்கள் ஒட்டியிருக்கும். அதைப் பிடித்தாலும் விட்டுவிடவே வேண்டும். ஏனெனில், 2015 ஆம் ஆண்டு முதல், மார்ச் மாதம் முடியும்வரை ஸ்கொட்லாந்திலே பிடிக்கும் எந்தச் சமனையும் கொல்லலாகாது என்பது சட்டம்.

"உண்ணவும் முடியாது, வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டவும் முடியாது. பின் எதற்காக இக்குளிரில் நிற்கின்றீர்கள்?" என்று வினவினேன். "வந்திருக்கிறார்களா என்று பார்க்க" என்றார் அவர். மீன்களை அவர் உறவினரைச் சொல்வதுபோலச் சொன்னது எனக்கு வியப்பாயிருந்தது. மெலிந்த மீனின் தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து, அதற்கு மூச்சு வரும்வரை இரு கைகளாலும் தாங்கியிருந்தார். அது வாலை அசைத்தது, கையை விட்டார். அவரது விரல்கள் குளிரினாற் சிவந்து விறைத்துப்போயிருந்தன.

அவரது வினாவுக்கு விடை இன்று எளிதன்று. ஒரு காலத்தில் ரே ஆறு பெருமீன்களுக்குப் பெயர்போனது. 1922 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 7 ஆந் திகதி, ஜோர்ஜினா பலன்ரைன் என்னும் பெண்மணி தந்தையாருடன் படகிலிருந்து பிடித்த சமன் 64 இறாத்தல் நிறையுடையது. பிரித்தானியாவிலே தூண்டிலாற் பிடிக்கப்பட்ட சமன்களுள் அதனை விஞ்சியது இன்றுவரை இல்லை. அந்த மீன் பேர்த் நகர வைத்தியசாலைக்கு வழங்கப்பட்டது. இன்றோ, ஸ்கொட்லாந்து முழுவதிலும் தூண்டிலிற் சிக்கும் சமன்களின் தொகை, கணக்கெடுக்கத் தொடங்கிய 1952 முதல் 2023 வரையான ஆண்டுகளுள், 2023 இலேயே மிகக் குறைவாக இருந்தது. 33,000 கூட எட்டவில்லை. அவ்வாண்டு டிசம்பரில், பிரித்தானியாவின் சமன் அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வரிசையிலே சேர்க்கப்பட்டது.

காரணம் ஒன்றன்று. 1960 களிலே கிறீன்லாந்துக் கடலில் சமன் மேயுமிடங்களைக் கண்டறிந்த கப்பல்கள் பெருவலைகளால் வாரிச் சென்றன. பின்னர் நாடுகள் கூடி ஒப்பந்தஞ் செய்து அதனைப் பெரிதுங் குறைத்தன. 2016 இல் ஸ்கொட்லாந்துக் கரையோரத்தில் வலையாற் பிடித்த சமனை வைத்துக்கொள்வதும் தடுக்கப்பட்டது. அப்படியிருந்தும் மீன் பெருகவில்லை. கடல் வெப்பமடைந்து, இரை இடம்பெயர்கின்றது. கூடுகளில் வளர்க்கும் சமனிடமிருந்து பேன் தொற்றுகின்றது. மரமற்ற கரைகளில் ஓடை நீர் கோடையிற் சூடேறுகின்றது. கடலுக்குச் செல்லும் இளமீன் நூற்றில் ஐந்தேனும் மீள்வது அரிதாயிற்று. கடலை மாற்ற ஆற்றங்கரையாரால் இயலாது. ஆகவே, இயன்றதைச் செய்கின்றார்கள். பயனற்ற பழைய அணைகளை அகற்றுகின்றார்கள். ஓடைக் கரைகளில் நிழல் தரும் மரங்களை நடுகின்றார்கள். பிடித்த மீனை விட்டுவிடுகின்றார்கள்.

முத்துக்குப் பெயர்பெற்ற மன்னார்க் கடலை அறிந்த நமக்கு இன்னொரு செய்தி சுவையாயிருக்கும். ரே ஆற்றின் அடியிலும் முத்துச்சிப்பிகள் வாழ்கின்றன. அச்சிப்பியின் மிகச் சிறிய குஞ்சு, இளஞ் சமனின் அல்லது அதன் இனமான திரவுட் மீனின் பூவிலே ஒட்டிக்கொண்டு சில மாதங்கள் வளர்ந்தாலன்றிப் பிழைக்காது. 1998 இல் அங்கே முத்துக் குளிப்பது தடைசெய்யப்பட்டது. ஆனால், ஆளைத் தடுத்தால் மட்டும் போதுமா? மீன் அற்றுப்போனால் முத்தும் அற்றுப்போம்.

பற்றிக் கெடிஸ் அவர்களைப்பற்றி ஒரு சொல் சொல்லவேண்டும் என்றேன். மலையுச்சி முதல் கடற்கரை வரை ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒன்றாகவே நோக்கவேண்டும், மேலே வாழும் இடையனின் வாழ்வும் கீழே வாழும் மீனவனின் வாழ்வும் பிரிக்கமுடியாதவை, என்பது அவர் கற்பித்த பாடம். ரே நதிக்கரையில் வளர்ந்த ஒருவர்க்கு அவ்வெண்ணம் உதித்ததில் வியப்பில்லை. அவ்வழி முழுவதையும் நீந்திக் காட்டும் மீன் அவ்வாற்றிலேயே உண்டன்றோ?

நமது ஆறுகளிற் சமன் இல்லை. ஆனால், விலாங்கு உண்டு. அது சமனுக்கு நேர்மாறானது: ஆற்றிலும் குளத்திலும் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குச் செல்வது. அதன் குஞ்சுகள் கடலிலிருந்து மீண்டும் ஆற்றுமுகத்தை நாடி வருகின்றன. நாம் கட்டிய அணைகளையும் கலிங்குகளையும் அவை எவ்வாறு கடக்கின்றன என்று பார்ப்பதற்கு, நமது ஆற்றங்கரைகளிலே ஒரு முதியவரேனும் நிற்கின்றாரா? அந்த வினாவை உங்களிடம் விட்டு விடைபெறுகின்றேன்.