மன்னர்களின் நட்பும் மக்களின் தோழமையும்

(பெங்களூருவில் நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிரான்ஸ் நாட்டின் வரலாறு என்றதும் பாடநூல்கள் சில முகங்களையே நம் முன் நிறுத்துகின்றன. தலையிழந்த மன்னர் பதினாறாம் லூயி, ஆடம்பரத்தின் சின்னமாகிப்போன ராணி மேரி அந்துவானெத், சிறைப்பட்ட போப், தன் தலையில் தானே மகுடம் சூடிக்கொண்ட நெப்போலியன். இவர்களுடைய நற்குணமும் தீக்குணமுமே வரலாற்றை உருவாக்கின என்ற எண்ணம் மாணவர் மனத்தில் பதிந்துவிடுகிறது. இப்பெயர்களைப் பெங்களூருவில் இருந்து பேசுவதற்குத் தனிக் காரணம் உண்டு. இங்கிருந்து சிறிது தொலைவில் உள்ள தேவனஹள்ளியில் பிறந்த திப்பு சுல்தான், அந்த மன்னரிடமும் பின்னர் அவரை வீழ்த்திய குடியரசிடமும் உதவி கேட்டவர். அந்த உதவி ஏன் வரவில்லை என்பதே இன்றைய உரையின் மையக் கேள்வி.

திப்புவின் பெயர் இன்று கர்நாடகத்தில் வரலாற்றுப் பொருளாக மட்டும் இல்லை. 2015ஆம் ஆண்டு அரசு விழாவாகத் தொடங்கப்பட்ட திப்பு ஜயந்தி, 2019இல் பாஜக ஆட்சிக்கு வந்ததும் ரத்து செய்யப்பட்டது. அவரை வெறும் மதவெறியராகச் சித்திரித்து, உழைக்கும் மக்களை மதத்தின் பேரால் பிரிக்கும் வேலை இடைவிடாது நடக்கிறது. இதற்கு மறுமொழியாக, 'குடிமகன் திப்பு', 'இந்தியாவின் முதல் குடியரசுவாதி' என்று அவரைப் புனைந்துரைப்போரும் உள்ளனர். இவ்விரண்டில் எதையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. நமக்குத் தேவை உண்மைகள்.

வெர்சாய் அரண்மனையில் மைசூர்த் தூதர்கள்

கிழக்கிந்தியக் கம்பெனியின் விரிவாக்கத்தை இறுதிவரை எதிர்த்து நின்ற ஆட்சி மைசூர். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கம்பெனிப் படைக்குக் கிடைத்த தோல்வி லண்டன் வரை அதிர்ச்சி அலைகளை எழுப்பியது. ஆனால் 1783இல் பிரிட்டனும் பிரான்சும் ஐரோப்பாவில் சமாதானம் செய்துகொண்ட செய்தி எட்டியவுடன், கடலூரில் ஆங்கிலேயரோடு பொருதிக்கொண்டிருந்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி போரை நிறுத்தினார். மங்களூர் முற்றுகையில் திப்புவுடன் நின்ற பிரெஞ்சு வீரர்களும் விலகிக்கொண்டனர். களத்தில் தனித்து விடப்பட்ட திப்பு, 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கையைத் தாமாகவே செய்துகொண்டார்.

இந்த அனுபவத்துக்குப் பின்பும் அவர் மூன்று தூதர்களைப் பாரிசுக்கு அனுப்பினார். முகமது தர்வேஷ் கான், அக்பர் அலி கான், முகமது உஸ்மான் கான் ஆகிய மூவரும் 1787இல் புதுச்சேரியிலிருந்து கப்பலேறி, 1788 ஜூனில் தூலோன் துறைமுகத்தில் இறங்கினர். ஆகஸ்ட் 10ஆம் நாள் வெர்சாய் அரண்மனையில் பதினாறாம் லூயி அவர்களைப் பெரும் ஆடம்பரத்துடன் வரவேற்றார். தூதர்கள் கேட்டது படை உதவி. அத்துடன் கைவினைஞர்கள், விதைகள், செடிகள். ஹைதர் அலி தொடங்கி, திப்பு வளர்த்த லால்பாக் தோட்டத்தைக் கொண்ட இந்நகரத்தில் அந்த விதைகளைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை.

கிடைத்தது என்ன? விருந்துகள், விலையுயர்ந்த சேவ்ரு பீங்கான் பொருட்கள், சில கைவினைஞர்கள், விதைகள். படை கிடைக்கவில்லை.

லூயி கோழை என்பதாலோ வஞ்சகர் என்பதாலோ இது நேரவில்லை. தூதர்களைச் சந்திப்பதற்கு இரண்டு நாள் முன்புதான், ஆகஸ்ட் 8ஆம் நாள், மறு ஆண்டு மே மாதம் மூன்று வகுப்பாரின் பேரவையைக் கூட்டுவதாக அவர் அறிவித்திருந்தார். சந்திப்பு முடிந்து ஒரு வாரத்துக்குள் பிரெஞ்சுக் கருவூலம் தன் கொடுப்பனவுகளின் ஒரு பகுதியை நிறுத்திவைத்தது. பளிங்கு மண்டபத்தின் பின்னால் இருந்தது திவாலாகிப்போன அரசு. பிரிட்டனோடு இன்னொரு போரைத் தாங்கும் வலிமை அதற்கு இல்லை.

ராணியின் ஆடம்பரமும் வர்க்கத்தின் சலுகையும்

கருவூலத்தை வெறுமையாக்கியது யார்? ராணியின் வைரமும் பட்டாடையும்தான் என்ற கதை நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. 1788ஆம் ஆண்டின் அரசுச் செலவில் அரண்மனைக்குச் சென்றது சுமார் 6 சதவீதம். ஏறத்தாழ பாதித் தொகை கடனுக்கும் வட்டிக்கும் சென்றது. நாலில் ஒரு பங்கு ராணுவத்துக்கும் கடற்படைக்கும் போனது. அமெரிக்கப் போருக்காக வாங்கிய கடன் சுமையாக அழுத்த, நாட்டின் நிலத்தில் பெரும் பங்கை வைத்திருந்த பிரபுக்களும் திருச்சபையும் முதன்மையான வரிகளிலிருந்து விலக்குப் பெற்றிருந்தனர். வரியைச் சுமந்தவர் உழவர்.

'ரொட்டி இல்லையென்றால் கேக் தின்னட்டும்' என்று மேரி அந்துவானெத் சொன்னதற்குச் சான்று எதுவுமில்லை. அவர் சிறுமியாக இருந்த காலத்திலேயே, பெயர் குறிப்பிடாத ஓர் இளவரசியைப் பற்றி ரூசோ எழுதிவைத்த கதை அது. இதைச் சொல்வது ராணிக்காக வாதாடுவதற்கு அல்ல. தனி நபரின் ஆடம்பரத்தைச் சுட்டிக்காட்டுவது எளிது. அந்த ஆடம்பரத்தைச் சாத்தியமாக்கும் உடைமை உறவைச் சுட்டிக்காட்டுவதே நம் வேலை. ராணி எளிமையாக வாழ்ந்திருந்தாலும் உழவரின் முதுகிலிருந்த சுமை இறங்கியிருக்காது.

சுமையை இறக்கியவர்கள் வேறு. 1789 அக்டோபர் 5ஆம் நாள் பாரிசின் சந்தைப் பெண்கள் ரொட்டி கேட்டு மழையில் வெர்சாய்க்கு நடந்தார்கள். மறுநாள் அரச குடும்பத்தைத் தலைநகருக்கு அழைத்து வந்தார்கள். எந்த ராணியையும் விட அப்பெண்கள் பிரான்சின் வரலாற்றைத் திருப்பினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெயர்கூட நமக்குத் தெரியாது.

போப்பும் நெப்போலியனும்

திருச்சபையின் நிலவுடைமையைப் புரட்சி தொட்டதும் ரோமாபுரி சினந்தது. 1789 நவம்பரில் திருச்சபைச் சொத்துகள் தேசத்தின் வசமாயின. குருமார்களை அரசின் கீழ்க் கொண்டுவந்த சட்டத்தைப் போப் ஆறாம் பயஸ் 1791இல் கண்டித்தார். 1798இல் பிரெஞ்சுப் படைகள் ரோமாபுரியைக் கைப்பற்றி அவரைச் சிறைப்பிடித்தன. ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த அதே 1799ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவர் பிரெஞ்சு மண்ணில் கைதியாகவே இறந்தார்.

ஆனால் இரண்டே ஆண்டுகளில் காட்சி மாறியது. 1801இல் நெப்போலியன் அடுத்த போப் ஏழாம் பயசுடன் உடன்பாடு செய்துகொண்டார். 1804 டிசம்பர் 2ஆம் நாள் பாரிசின் நோத்ரு தாம் பேராலயத்தில் போப் அருகிருக்க, மகுடத்தைத் தன் கையால் எடுத்துச் சூடிக்கொண்டார். புரட்சியில் வென்ற முதலாளி வர்க்கத்துக்கு இப்போது ஒழுங்கு தேவைப்பட்டது. அந்த ஒழுங்குக்கு மதத்தின் ஆசியும் தேவைப்பட்டது. ஆளும் வர்க்கம் மதபீடத்தோடு மோதுவதும் கைகோப்பதும் இறையியல் காரணங்களுக்காக அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

ஸ்ரீரங்கப்பட்டணத்தின் விடுதலை மரம்

இடைப்பட்ட ஆண்டுகளில் திப்புவுக்கு நேர்ந்தவை கொடியவை. 1791 மார்ச் 7ஆம் நாள் காரன்வாலிசின் படை பெங்களூருப் பேட்டையைத் தாக்கிப் பிடித்தது. மார்ச் 21இல் கோட்டை வீழ்ந்தது. கிருஷ்ணராஜ மார்க்கெட் அருகே எஞ்சி நிற்கும் கோட்டையின் ஒரு பகுதி அதற்குச் சாட்சி. 1792 உடன்படிக்கையில் அவர் பாதி நாட்டை இழந்தார். சேலம், பாராமகால், திண்டுக்கல் பகுதிகள் அப்போதுதான் கம்பெனியின் கைக்குப் போயின. 3 கோடியே 30 லட்சம் ரூபாய் இழப்பீடும், இரு மகன்கள் பிணையும். அந்தப் போரில் பிரான்ஸ் வரவில்லை.

1797இல் ரிப்போ என்ற பிரெஞ்சுக் கப்பல் தலைவர் சேதமுற்ற கப்பலோடு மங்களூரில் கரையேறினார். ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்த சுமார் 60 பிரெஞ்சுக்காரர்கள் ஜாக்கோபின் சங்கம் அமைத்ததாகவும், விடுதலை மரம் நட்டதாகவும், திப்பு ஒருவரைத் தவிர எல்லா மன்னர்களையும் வெறுப்பதாக உறுதியேற்றதாகவும் ஆவணங்கள் கூறுகின்றன. இவை, கோட்டையைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் வெளியிட்டவை. படையெடுப்பை நியாயப்படுத்த அவர்களுக்கு உதவியவை. ஆகவே இவற்றின் நம்பகத்தன்மை வரலாற்றாசிரியர்களிடையே விவாதப் பொருளாக உள்ளது. உண்மையென்றே கொண்டாலும், அந்த உறுதிமொழியின் விதிவிலக்கைக் கவனியுங்கள். மன்னராட்சியை ஒழிக்கும் சங்கம் ஒரு மன்னரின் அனுமதியோடு நடக்கிறது. கூட்டத்தில் இருந்தவர்கள் பிரெஞ்சு வீரர்கள். மைசூரின் உழவர்களோ நெசவாளர்களோ அல்லர்.

1798இல் மொரிஷியசின் பிரெஞ்சு ஆளுநர் மாலார்த்திக் திப்புவின் வேண்டுகோளைப் பகிரங்கமாக அறிவித்தார். கிடைத்த தொண்டர்கள் நூறு பேர்கூட இல்லை. வெல்லெஸ்லிக்குப் போர் தொடுக்கக் காரணம் கிடைத்தது. 1799 ஜனவரியில் கெய்ரோவிலிருந்து நெப்போலியன் திப்புவுக்கு எழுதிய கடிதம் வழியிலேயே ஆங்கிலேயரிடம் சிக்கியது. மே 4ஆம் நாள் திப்பு போரிட்டு மடிந்தார். சரணடைந்து மானியம் பெற்று வாழ்ந்த மன்னர்கள் நிறைந்த காலத்தில், அந்த மரணம் மதிப்புக்குரியது.

அந்த மதிப்பைக் காக்க நாம் எதையும் மறைக்க வேண்டியதில்லை. குடகு மக்களும் மங்களூர்க் கத்தோலிக்கர்களும் சிறைபிடித்துக் கொண்டுசெல்லப்பட்டது உண்மை. மராட்டியப் படையினர் சூறையாடிய சிருங்கேரி மடத்துக்குத் திப்பு உதவி அனுப்பியதும் உண்மை. இரண்டுமே ஒரு முடியாட்சியின் அரசியல் செயல்கள். அவர் ஏகாதிபத்திய எதிர்ப்பாளர், ஆனால் மன்னர். மக்களை அரசியல் சக்தியாக அணிதிரட்டுவது அவருடைய வர்க்க எல்லைக்குள் இல்லை. எனவே இன்னோர் அரியணையை நம்ப வேண்டியிருந்தது.

இதே காலத்தில், பிரான்சின் கரும்புத் தோட்டக் குடியேற்றமான ஹெய்தியில் நடந்ததை ஒப்பிட்டுப் பாருங்கள். பெங்களூரு வீழ்ந்த அதே 1791இல், ஆகஸ்ட் மாதம், அங்கே அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். அந்த எழுச்சியின் அழுத்தத்தில்தான் 1794 பிப்ரவரியில் பாரிசு அடிமை முறையை ஒழித்தது. 1802இல் நெப்போலியன் அதை மீட்டெடுக்க முயன்றார். தலைவர் தூசேன் லூவெர்த்யூரைப் பிரெஞ்சுச் சிறையில் சாகவிட்டார். ஆயினும் 1804இன் முதல் நாளில் ஹெய்தி விடுதலை பெற்றது. அவர்கள் சலுகை கேட்டுக் காத்திருக்கவில்லை.

சவானா ஆலையின் பாடம்

தமிழ் மண்ணிலேயே இதற்குச் சான்று உண்டு. 1936 ஜூலை 30ஆம் நாள் புதுச்சேரியில் சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு ஆட்சியின் படை சுட்டது. 12 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அப்போது பாரிசில் ஆட்சியில் இருந்தது சோஷலிஸ்ட் லெயோன் ப்ளூமின் மக்கள் முன்னணி அரசு. நட்பு அரசு இருந்தும் காலனிய இயந்திரம் சுட்டது என்பதை மறக்கக் கூடாது. அதே நேரத்தில், பிரெஞ்சுத் தொழிலாளர்கள் அந்தக் கோடையில் வேலைநிறுத்தங்கள் மூலம் 40 மணி நேர வாரத்தை வென்றிருந்தனர். வ.சுப்பையா முதலான தோழர்களின் தலைமையில் புதுச்சேரித் தொழிலாளர்கள் பின்வாங்கவில்லை. 1937இல் எட்டு மணி நேர வேலையும் சங்கம் அமைக்கும் உரிமையும் சட்டமாயின. வெர்சாயின் விருந்து மண்டபத்தில் கிடைக்காதது, ஆலை வாசலில் ரத்தம் சிந்தி வெல்லப்பட்டது.

அந்த எட்டு மணி நேரம்தான் இன்று பறிபோகிறது. 2023இல் கர்நாடக அரசு தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி, நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழி திறந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாட்டில் நிறைவேறிய அத்தகைய திருத்தம், தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் சில நாட்களிலேயே கைவிடப்பட்டது. திப்பு பிறந்த தேவனஹள்ளியில், 1,777 ஏக்கர் விளைநிலத்தைக் கையகப்படுத்தும் திட்டத்தை எதிர்த்து விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் போராடினர். 2025 ஜூலையில் மாநில அரசு அதைக் கைவிட்டது. அவர்களுக்காக எந்த அரண்மனையும் பேசவில்லை. கர்நாடகத்தின் தொழிற்சங்கங்களும் விவசாய, தலித் இயக்கங்களும் உடன் நின்றன.

தோழர்களே, 1991 டிசம்பரில் காவிரியின் பேரால் இந்நகரத்தின் தமிழ் உழைப்பாளர்கள் தாக்கப்பட்டதை நம்மில் பலர் கண்டோம். அன்று மொழி, இன்று திப்புவின் பெயரால் மதம். நோக்கம் ஒன்றே: பீன்யாவிலும் பொம்மசந்திராவிலும் ஒரே இயந்திரத்தருகே நிற்கும் கன்னடத் தொழிலாளியும் தமிழ்த் தொழிலாளியும், இந்துவும் முஸ்லிமும் ஒன்றுசேரக் கூடாது. ஆகவே ஒவ்வொரு கிளையும் இரண்டு பணிகளை மேற்கொள்ள வேண்டும். திப்புவைப் பற்றிய பொய்களுக்குப் புகழுரையால் அல்ல, தேதியும் சான்றும் கொண்டு குடியிருப்புகளில் பதில் சொல்ல வேண்டும். எட்டு மணி நேர வேலையைக் காக்கும் இயக்கத்தில் தமிழிலும் கன்னடத்திலும் துண்டறிக்கை எடுத்துச் சென்று, ஆலை வாசல் கூட்டங்களைக் கன்னடத் தோழர்களோடு சேர்ந்தே நடத்த வேண்டும். திப்புவுக்குக் கிட்டாத துணை, நமக்கு அடுத்த இயந்திரத்தருகே நின்றுகொண்டிருக்கிறது. அதை அணிதிரட்டுவோம்.