கடல் கடந்தவருக்குக் காவல் எது?

கொத்மலையில் தோட்டத் தொழிலாளரும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை



இம்மலைநாட்டிலே கொழுந்து பறித்த கைகள் இன்று குவைத்திலும் லெபனானிலும் சவூதி அரேபியாவிலும் பிறர் வீட்டுப் பாத்திரம் துலக்குகின்றன. தோட்டத்துச் சம்பளம் போதாத குடும்பம் கடல் கடக்கிறது. அப்படிப் போவதைக் குறை கூற நாம் இங்கே கூடவில்லை. போன நாட்டில் போர் மூண்டால், கலகம் வெடித்தால், நம்மவரை யார் காப்பார்? இந்த ஒரு கேள்விக்கு விடை காணவே கூடியிருக்கிறோம்.

இது கற்பனைக் கேள்வியன்று. 1990 ஆகஸ்ட் 2ஆம் நாள் ஈராக்கின் படை குவைத்தினுள் புகுந்தது. அன்று அந்நாட்டில் ஏறத்தாழ ஓர் இலட்சம் இலங்கையர் இருந்தனர். அவர்களுட் பெருந்தொகையினர் வீட்டுப் பணிப்பெண்கள். சம்பளம் நின்றது; போக்கிடம் இல்லை. பாலைவனத்தைக் கடந்து, ஜோர்தான் எல்லையிலே கூடாரங்களில் வெயிலிலும் தாகத்திலும் கிடந்தனர். இந்திய அரசாங்கமோ தன் மக்களுள் 1,70,000 பேருக்கு மேற்பட்டோரை விமானங்களில் ஏற்றி வீடு சேர்த்தது. ஓர் அரசாங்கம் மனம் வைத்தால் என்ன செய்யலாம் என்பதற்கு அது சான்று.

2006 ஜூலையில் லெபனான் மீது குண்டு மாரி பொழிந்தது. அங்கே ஏறத்தாழ 80,000 இலங்கையர் இருந்தனர். எஜமானர் பலர் தம் குடும்பத்தோடு தப்பி ஓடினர். பணிப்பெண்ணை வீட்டினுள்ளே விட்டுப் பூட்டிச் சென்றவர்களும் உளர்! 2024இல் அதே நாட்டில் மீண்டும் போர் வந்தபோதும் அதே கொடுமை நடந்தது. 2023 அக்டோபர் 7ஆம் நாள் இஸ்ரேலில் நடந்த தாக்குதலில், முதியோரைப் பராமரிக்கச் சென்ற இலங்கையரும் உயிரிழந்தனர்.

இவர்களுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லையா? உண்டு. 1963இல் வியன்னாவில் உருவான தூதரக உறவு உடன்படிக்கை, வெளிநாட்டில் வாழும் தன் பிரசைகளின் நலனைக் காப்பதும், அவர்களுக்குக் கடவுச்சீட்டும் பயணப் பத்திரமும் வழங்குவதும் தூதரகத்தின் பணி என்று கூறுகிறது. ஆனால் தூதரகம் ஒருவரைக் காக்க வேண்டுமாயின், அவர் அங்கே இருக்கிறார் என்று முதலில் அறிய வேண்டும். அவர் தன் பிரசைதான் என்று உறுதி செய்ய வேண்டும். முதலாவதற்கு வேண்டியது பதிவு. இரண்டாவதற்கு வேண்டியது பத்திரம். இவ்விரண்டும் இல்லாதவருக்குச் சட்டம் ஏட்டுச் சுரைக்காய்.

பத்திரம் இல்லாதவர் படும் பாட்டை மலையகத் தமிழருக்கு எவரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நம் மக்களை ஒரே வீச்சில் நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மந்தையைப் பிரிப்பதுபோல் நம்மைப் பிரித்தனர். எஞ்சியிருந்தோரின் வழக்குத் தீர 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருந்தோம். ஐம்பத்தைந்து ஆண்டுகள் போராடிப் பெற்ற பிரசாவுரிமையை, அயல்நாட்டு எஜமானரின் அலுமாரியில் பூட்டி வைக்க விடலாமா?

அங்கே நடப்பது அதுதான். ‘கபாலா’ என்னும் முறையில், எஜமானரின் பொறுப்பிலேயே தொழிலாளி அந்நாட்டில் தங்க முடியும். அவர் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்கிறார். அடி தாங்காமல் ஓடி வந்த பெண் அக்கணமே சட்டவிரோதமாகத் தங்கியவள் ஆகிறாள். போர் வந்தாலும் வெளியே தலைகாட்ட அஞ்சுகிறாள்.

எனினும் அந்நாடுகளிலும் சட்டம் சிறிது அசைந்திருக்கிறது. குவைத்தின் 2015ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கச் சட்டம், வீட்டுப் பணியாளரின் சம்மதமின்றி அவருடைய கடவுச்சீட்டை எஜமானர் வைத்திருத்தல் ஆகாது என்கிறது. ‘சம்மதமின்றி’ என்ற அந்த ஒரு சொல்லைக் கவனியுங்கள். விளங்காத மொழியில் நீட்டிய தாளில் இட்ட ஒரு கையெழுத்தே சம்மதமாகிவிடும். ஆகவே வாசித்துக் காட்டாத எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள்.

பத்திரத்தின் பெறுமதிக்கு இன்னுமோர் உதாரணம் சொல்வோம். குவைத் போருக்குப் பின், 1991இல் ஐக்கிய நாடுகள் சபை ஓர் இழப்பீட்டு ஆணைக்குழுவை நிறுவியது. போரினால் அந்நாட்டை விட்டு வெளியேறிய தனி ஆளுக்கு 2,500 அல்லது 4,000 டாலர் வழங்கப்பட்டது. கேட்கப்பட்ட சான்று எளியது: அங்கே இருந்ததற்கும், இன்ன நாளில் வெளியேறியதற்கும் அத்தாட்சி. இலங்கைப் பணிப்பெண்களும் அப்பணத்தைப் பெற்றனர். ஒரு துண்டுக் காகிதம் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு வீடாகவும் காணியாகவும் மாறக்கூடும்.

ஆகவே புறப்படுமுன் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறோம். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் எவரும் போகலாகாது. சுற்றுலா விசாவில் அனுப்புகிறேன், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று லயத்துக்கு வரும் தரகரை நம்பாதீர்கள். அப்படி ஓமானுக்குக் கொண்டுசெல்லப்பட்ட பெண்களின் அவலம் 2022இல் நாடறிந்தது. வயதைக் கூட்டியோ பெயரை மாற்றியோ கடவுச்சீட்டு எடுக்காதீர்கள். ஆபத்து நேரத்தில் தாய் ஒரு பெயரைச் சொல்லித் தேட, ஏட்டிலே வேறொரு பெயர் இருந்தால் எவர் கண்டுபிடிப்பார்? கடவுச்சீட்டு, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வேலை ஒப்பந்தம் ஆகிய நான்கின் பிரதிகளை வீட்டிலே வையுங்கள்; தொலைபேசியிலும் படமாக வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டு கைவிட்டுப் போனாலும், தற்காலிகப் பயணப் பத்திரம் பெற அப்பிரதிகள் உதவும். வேலை செய்யும் வீட்டின் முகவரியும் எஜமானரின் தொலைபேசி எண்ணும் ஊரில் இருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

அங்கே குழப்பம் மூண்டால் ஊர்வலம், கூட்டம் நடக்கும் பக்கம் போகாதீர்கள். வதந்தியை நம்பி எல்லையை நோக்கி ஓடாதீர்கள். இருக்கும் இடத்தைத் தூதரகத்துக்கும் வீட்டுக்கும் உடனே அறிவியுங்கள். எஜமானர் பூட்டிவிட்டுப் போனால் அதைச் சொல்லத் தயங்காதீர்கள். விசா முடிந்தவராயினும் நீங்கள் இந்நாட்டின் பிரசை. உதவி கேட்பது உங்கள் உரிமை.

படித்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆசிரியரும் சட்டத்தரணியும் எழுதுவினைஞரும் மாதத்தில் ஒரு நாளைத் தோட்டத்துக்குத் தரக்கூடாதா? ஒப்பந்தத்தை வாசித்துக் காட்டுங்கள். பெயர்ப் பிழைகளைத் திருத்த மனு எழுதிக் கொடுங்கள். அதற்குப் பணம் வேண்டாம், மனம் போதும்.

அரசாங்கத்திடம் நாம் பிச்சை கேட்கவில்லை. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழி என்றது. ஆகவே நம்மவர் பணிபுரியும் நாடுகளின் தூதரகங்களில், இரவிலும் பகலிலும் தமிழில் பதிலளிக்கும் அலுவலர் வேண்டும். குண்டு விழும் வேளையில், தன் மொழி அறியாத அலுவலரிடம் ஒரு பெண் தன் இருப்பிடத்தை எப்படி விளக்குவாள்? போர் வெடித்தபின் விமானம் தேடாமல், முன்கூட்டியே திட்டம் வகுத்து, அரசாங்கச் செலவில் மக்களை அழைத்துவர வேண்டும். அவர்கள் அனுப்பும் அந்நியச் செலாவணியை எண்ணி வாங்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, அவர்களை எண்ணி அழைத்துவரவும் தெரிய வேண்டும்.

இக்கோரிக்கையைத் தோட்டந்தோறும் கையெழுத்துத் திரட்டிக் கொழும்புக்கு அனுப்புவோம். அதற்கு முன், இன்றிரவு வீடு சென்றதும், கடல் கடந்த மகளின் கடவுச்சீட்டுப் பிரதி வீட்டில் இருக்கிறதா என்று ஒவ்வொருவரும் பாருங்கள். இல்லையெனில் நாளைக் காலையில் அதுவே முதல் வேலையாகட்டும்.